ஒரு சாண் உயரம்

2009 பிப்ரவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 29 வயது இளைஞர் ஒருவர் கண் மருத்துவரிடம் வந்தார். மூன்று வாரமாகக் கண் சிவந்து நீர் வடிகிறது, வெளிச்சம் பட்டாலே கூசுகிறது. வழக்கமான சொட்டு மருந்துகள் பலிக்கவில்லை. கருவிழியைப் பெரிதாக்கிப் பார்த்த மருத்துவர்களுக்கு அதில் தைத்திருந்த மிக நுண்ணிய முட்கள் தெரிந்தன. அதைச் சொன்னதும் அவருக்கு நினைவு வந்தது. தான் வளர்க்கும் சிலந்தியின் கண்ணாடிப் பெட்டியில் போகாத கறை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ அசைந்திருக்கிறது; திரும்பிப் பார்த்திருக்கிறார். சிலி நாட்டு ரோஜாச் சிலந்தி தன் வயிற்றிலிருந்து உதறிய முடிகள் புகைபோல் வந்து முகத்தில் படிந்தன. நுண் இடுக்கியாலும் பிடுங்க முடியாத அளவு சிறிய முடிகள் அவை. ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் இந்த நிகழ்வை எழுதிய மருத்துவர்கள், இப்படிப்பட்ட சிலந்தியைக் கையாள்பவர்கள் கண்ணுக்குக் கவசம் அணிய வேண்டும் என்று முடித்தார்கள்.

அறிவுரை சரியானது. ஆனால் பெட்டி செய்கிறவருக்கு இதைப் படித்ததும் வேறு கேள்விகள் எழ வேண்டும். இப்படி ஒரு பெட்டிக்குக் கதவு எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? ஆள் நெருங்கும்போது சிலந்தி போய் ஒளிய உள்ளே என்ன இருக்க வேண்டும்? அந்த முடியை உதறுவது அதற்கு வேறு வழியில்லாதபோதுதான். ஓட இடம் இருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும்.

இவ்வகைச் சிலந்திகளுக்கு வழங்கும் டாரன்டுலா என்ற பெயர் இத்தாலியின் டரான்டோ நகரிலிருந்து வந்தது. முதலில் அது அங்கே வாழும் ஓநாய்ச் சிலந்தியைக் குறித்தது. ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டங்களுக்குப் போய், உள்ளங்கை அகலத்துக்கு முடி அடர்ந்த சிலந்திகளைக் கண்டபோது அதே பெயரை அவற்றுக்கும் சூட்டினார்கள். இன்று அந்தப் பெயர் தெரபோசிடே என்னும் குடும்பத்துக்கே நிலைத்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் அதில் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவற்றை வீட்டில் வளர்ப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பெட்டியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். செலவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கடையில் கிடைத்த தொட்டிகள் நெடுங்காலம் வேறு உயிர்களுக்காகச் செய்யப்பட்டவை என்பது. மீன் தொட்டி தண்ணீருக்கானது. பல்லி, ஓணான் வகைகளுக்கான தொட்டியில் மேலே கம்பிவலை மூடி, உள்ளே விளக்கு. சிலந்திக்கு நீர்மட்டமும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். அதற்கு வேண்டியது மண்ணும் இருட்டும்தான்.

மெக்சிகோவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வாழும் செம்முழங்கால் சிலந்தியை எடுத்துக்கொள்வோம். கறுத்த கால்களில் மூட்டு மூட்டாகச் செம்மஞ்சள் பூசிய அழகு. சாதுவான குணம். பெண் சிலந்தி 20 ஆண்டுக்கு மேல் வாழும். வளர்ப்போர் உலகில் இதைத் தெரியாதவர் இல்லை. கால்களை விரித்தால் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். இதற்குப் பெட்டி செய்யும் புதியவர் உயரத்தில்தான் பெரும்பாலும் முதல் தவறைச் செய்கிறார். இரண்டடி உயரக் கண்ணாடித் தொட்டி வாங்கி, அடியில் இரண்டு விரல் மண் பரப்பி, நடுவில் கூரான பாறை ஒன்றை நிறுத்துகிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். சிலந்திக்கு அது மலைமுகடு.

காரணம் சிலந்தியின் காலுக்குள் இருக்கிறது. நம் முழங்காலை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை. சிலந்திக் காலின் முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்கும் தசை உண்டு. நீட்டும் தசை கிடையாது. உடலின் முன்பகுதி சுருங்கி, நீலச் சாயல் கொண்ட அதன் குருதியைக் கால்களுக்குள் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில்தான் கால் நீள்கிறது. மண்வாரி இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீள்வது போலத்தான். 1959-ல் பாரி, பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் வீட்டுச் சிலந்தியின் காலில் இந்த அழுத்தத்தை அளந்து காட்டினார்கள். செத்த சிலந்தி எப்போதும் கால்களைச் சுருட்டிக்கொண்டே கிடப்பதும் இதனால்தான். அழுத்தம் போய்விட்டது, மடக்கும் தசை மட்டும் மிச்சம்.

அப்படியானால் இந்த உயிருக்குக் குருதி என்பது ஊட்டம் கொண்டுசெல்லும் நீர் மட்டுமன்று. நடை, ஓட்டம், இரை பிடித்தல் எல்லாமே அதுதான். அந்தக் குருதியின் பெரும்பங்கைச் சுமக்கும் வயிற்றுப் பகுதிக்கோ முன்னுடம்பைப் போலக் கெட்டியான ஓடு இல்லை. தண்ணீர் நிரப்பிய பலூனைப் போல மெல்லிய தோல்தான். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகத்தில் கூரான கல்லில் வயிறு மோதினால் கிழியும். கிழிந்தால் குருதி வழியும். வழியும்போதே கால்கள் செயலிழக்கும்.

இதற்காக வளர்ப்போர் பட்டறிவில் கண்ட கணக்கு எளிது: மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையே உள்ள வெளி, சிலந்தியின் கால்விரிவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. 14 சென்டிமீட்டர் சிலந்திக்கு 21 சென்டிமீட்டர். நம் கணக்கில் ஒரு சாண். அதற்குள் அது கண்ணாடியில் ஏறி நின்றாலும், நழுவினாலும், பின்னங்கால் மண்ணுக்கு எட்டிவிடும். பெட்டி உயரமானதாக இருந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை, மண்ணை உயர்த்தினால் போதும். 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரமுள்ள பெட்டியில் 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை மண் நிரப்பினால் மேலே எஞ்சுவது ஒரு சாணுக்கும் குறைவு. இத்தனை பெரிய உயிருக்கு இவ்வளவு தாழ்வான கூரையா என்று மனசு கேட்கும். நாமாக இருந்தால் மூச்சு முட்டும். அது வளைவாசி, முதுகுக்கு மேல் கூரை இருப்பதுதான் அதற்கு நிம்மதி.

கம்பிவலை மூடியும் இதே காரணத்தால் கெட்டது. டாரன்டுலாவின் பாதத்தில் ஆயிரக்கணக்கான நுண்முடிகள் அடர்ந்திருக்கின்றன. அவற்றால் வழவழப்பான கண்ணாடியில்கூட ஒட்டி ஏறும். முடிகளுக்கு நடுவே இரண்டு கொக்கி நகங்களும் உண்டு. மூடிவரை ஏறி வலையைப் பிடித்ததும் நகம் கண்ணியில் மாட்டிக்கொள்கிறது. தொங்கித் துடிக்கும்போது காலைக் கழற்றிவிட்டு விழும், அல்லது காலோடு சேர்ந்து அங்கேயே சோர்ந்துபோகும். இழந்த கால் அடுத்தடுத்த தோலுரிப்பில் மீண்டும் வளர்ந்துவிடும் என்பது உண்மைதான். விழுந்து கிழிந்த வயிறு வளராது. பிளாஸ்டிக் கொசுவலையோ வேறு விதத்தில் பயனற்றது, பல்லால் கிழித்துவிடும். அக்ரிலிக் தகடோ கண்ணாடியோ மூடியாக இருந்து, துளைகள் பக்கச் சுவரில் இருப்பதே நல்லது.

அக்ரிலிக் மூடியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அனுபவப்பட்டவர்கள்தான் சொல்வார்கள். அக்ரிலிக் சிறிது சிறிதாக ஈரத்தை உறிஞ்சும்; எடையில் சுமார் 2 விழுக்காடு வரை. பெட்டிக்குள் ஈரம், வெளியே வறட்சி. ஆகவே தகட்டின் அடிப்பக்கம் மட்டும் ஊதி நீள்கிறது, மேற்பக்கம் அப்படியே இருக்கிறது. விளைவு, நடுப்பகுதி உள்நோக்கித் தாழ்ந்து நான்கு மூலைகளும் மேலே தூக்கிக்கொள்கின்றன. செய்த அன்று கச்சிதமாக உட்கார்ந்த மூடி, சில வாரங்களில் மூலையில் ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கும். முன்னுடம்பின் கெட்டியான ஓடு நுழையும் இடைவெளி எதுவானாலும் அதில் முழுச் சிலந்தியும் நுழைந்துவிடும், ஏனென்றால் வயிறு பிதுங்கிக் கொடுக்கும். மேலும் டாரன்டுலா வலிமையானது, லேசான மூடியை முட்டித் தூக்கிவிடும். ஆகவே மூடிக்கு அக்ரிலிக் போட்டால் தடிமனாகப் போட வேண்டும், சுற்றிலும் அலுமினியச் சட்டம் கொடுக்க வேண்டும், தாழ்ப்பாள் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஈரம் குறைவாக உறிஞ்சும் பாலிகார்பனேட்டையோ கண்ணாடியையோ எடுத்துக்கொள்ளலாம். மூடிக்குக் கண்ணாடியே மேல் என்பது என் கருத்து. கனம் அதன் குறையல்ல, குணம்.

இனி காற்று. டாரன்டுலாவுக்கு நம்மைப் போல விரிந்து சுருங்கும் நுரையீரல் இல்லை. வயிற்றின் அடியில் வெளிறிய நான்கு திட்டுகள் தெரியும். ஒவ்வொன்றின் உள்ளேயும் புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்கான மெல்லிய இதழ்கள். இதழுக்குள் குருதி, இதழ்களுக்கு நடுவே காற்று. புத்தக நுரையீரல் என்று அதற்குப் பெயர். அசையாமல் உட்கார்ந்திருக்கும் சிலந்திக்கு உயிர்க்காற்று தேவைப்படுவது மிகக் கொஞ்சம். அதனால் பெட்டியில் துளை இடுவது பெரும்பாலும் சிலந்தி மூச்சு விடுவதற்காக அன்று. பூஞ்சை மூச்சு விடாதிருப்பதற்காக என்று சொன்னால் பொருந்தும்.

இதை வளர்ப்போர் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள். கரீபியனில் மார்ட்டினிக் என்ற தீவு. அங்கே மரத்தில் வாழும் ஒரு சிலந்தி குஞ்சாக இருக்கும்போது முழு நீலம், வளர்ந்தபின் பச்சையும் செம்மையும். மழைக்காட்டு உயிர்தானே என்று எண்ணி அதை அடைத்த பெட்டியில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்தார்கள். சுவரெல்லாம் நீர்த்துளி கோத்து நிற்கும். சிலந்தி காரணமே தெரியாமல் ஒரு காலையில் செத்துக் கிடக்கும். ஒன்றிரண்டு அல்ல; இந்தச் சாவுக்குத் தனிப் பெயரே வைக்கும் அளவுக்கு நடந்தது. பிறகு ஈரத்தைக் குறைத்து, துளைகளைக் கூட்டியவர்களின் சிலந்திகள் பிழைத்தன. தீவின் மரக்கிளையில் மழை பெய்யும், கடற்காற்று உடனே உலர்த்தும். பெட்டி செய்தவர்கள் மழையைக் கொண்டுவந்தார்கள், காற்றை மறந்துவிட்டார்கள்.

துளைகள் எங்கே என்பதற்கும் இயற்பியல் உண்டு. ஈரக்காற்று கனமானது என்று நாம் நினைக்கிறோம். புழுக்கத்தில் உடம்பு அப்படித்தான் உணர்கிறது. உண்மை நேர்மாறு. நீர் மூலக்கூறின் எடை 18. காற்றில் பெரும்பங்கான நைட்ரஜனுக்கு 28, ஆக்சிஜனுக்கு 32. ஆகவே நீராவி கலந்த காற்று வறண்ட காற்றைவிட லேசானது, மேலே எழும். ஒரு சுவரில் மண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு வரிசை, எதிர்ச்சுவரில் மூடிக்குச் சற்றுக் கீழே ஒரு வரிசை என்று துளையிட்டால், கீழே புகும் காற்று ஈரத்தை ஏந்திக்கொண்டு மேலே வெளியேறும். விசிறி எதுவும் தேவையில்லை. மூடியில் மட்டும் துளையிட்ட பெட்டியில் இந்த ஓட்டம் நடப்பதில்லை. ஈரமானி வாங்கிச் சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அது நடுப்பெட்டிக் காற்றை அளக்கிறது; சிலந்தி இருப்பது மண்ணுக்குள். ஒரு மூலையில் தண்ணீர் ஊற்றி அடிமண்ணை நனைத்துவிட்டு, மேல்மண்ணைக் காயவிட்டால் போதும். எங்கே எவ்வளவு ஈரம் வேண்டும் என்பதை அது நடந்து போய்த் தேர்ந்துகொள்ளும். குடிக்க ஆழமில்லாத ஒரு கிண்ணம். அதில் பஞ்சு போடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அழுக்கையும் கிருமியையும் வளர்ப்பதைத் தவிர அதனால் பயன் இல்லை.

மண் என்று சொன்னேன். உலகமெங்கும் சிலந்திப் பெட்டிகளின் அடியில் கிடப்பதில் பெரும்பகுதி தென்னை நார்த்தூள். நாரைப் பிரித்தபின் ஆலை முற்றத்தில் மலையாகக் குவியும் அந்தத் தூளை ஒரு காலத்தில் யாரும் சீண்டியதில்லை. இன்று பொள்ளாச்சியிலும் இலங்கையின் தென்னை வட்டாரத்திலும் அதை அலசி, உலர்த்தி, செங்கல்லாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். 650 கிராம் கட்டி ஒன்றைத் தண்ணீரில் போட்டால் எட்டு லிட்டருக்கு மேல் பொங்கும். அலசாத தூளில் உப்பு மிகுந்திருக்கும், அதைத் தவிர்க்க வேண்டும். கையில் பிடித்துப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது, விரித்தால் உருண்டை உடனே உதிரவும் கூடாது. அந்தப் பதம்தான் பதம். நார்த்தூள் தனியாக இருந்தால் வளை சரியும். உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்டத்து மண்ணைச் சேர்த்து, மூன்று மூன்று விரல் கனமாகப் போட்டு அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஒரு மூலையில் சரிவாகச் சிறு பள்ளம் தோண்டி, அதன்மேல் பாதி உருளையான மரப்பட்டை ஒன்றைக் கவிழ்த்துவிட்டால் மீதியைச் சிலந்தியே தோண்டிக்கொள்ளும்.

அடியில் வெப்பப் பாய் விரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. வெயிலின் சூடு மண்ணுக்குள் இறங்க இறங்க வேகமாகத் தேய்கிறது. ஒரு முழ ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்தச் சிலந்திகளுக்குத் தெரிந்த ஒரே பாடம், சுட்டால் கீழே போ என்பது. பெட்டிக்கு அடியில் பாயை வைத்து மின்சாரத்தைப் போட்டால், சூடு தாங்காத சிலந்தி இன்னும் ஆழமாகத் தோண்டி, நேராகச் சூட்டின்மேலேயே போய்ப் படுக்கும். குளிர்நாட்டில் வெப்பம் வேண்டுமென்றால் அறையைச் சூடாக்க வேண்டும். முடியாவிட்டால் பாயைப் பக்கச் சுவரில், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியோடு வைக்கலாம்.

கைவேலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண உலோகத் துளைக்கூர் அக்ரிலிக்கைக் கவ்வி வெடிக்கவைக்கும். பிளாஸ்டிக்குக்கான கூரை எடுத்து, பின்னால் பலகை கொடுத்து, மெதுவாகச் சுழற்றினால் வெடிக்காது. உள்பக்க விளிம்பில் பிசிறு நிற்கக் கூடாது. கண்ணாடிகளை ஒட்ட, காயும்போது வினிகர் நெடி அடிக்கும் சிலிகோன் நல்லது, ஆனால் பூஞ்சைக்கொல்லி கலந்து குளியலறைக்கென்று விற்பது ஆகாது. நெடி முற்றிலும் போகும்வரை, இரண்டு மூன்று நாளானாலும், சிலந்தியை உள்ளே விடக் கூடாது. அக்ரிலிக்கை உருக்கி ஒட்டும் டைகுளோரோமீத்தேன் கரைப்பானை வீட்டில் தொட வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-ல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடை விதித்ததற்குக் காரணம் உண்டு. அரை அங்குலக் குஞ்சுக்கு இத்தனையும் தேவையில்லை. சுட்ட ஊசியால் துளையிட்ட மாத்திரை டப்பா போதும்.

மரச்சிலந்திகளுக்குக் கணக்கு தலைகீழ். அகலத்தைவிட உயரம் வேண்டும், உள்ளே செங்குத்தாக ஒரு கார்க் பட்டை வேண்டும். சிலந்தி அந்தப் பட்டையின் உச்சியில் நூற்பையைப் பின்னிக்கொள்ளும். ஆகவே மேல்மூடியைத் திறப்பது அதன் வீட்டுக் கூரையைப் பிய்ப்பதாகும். கதவு முன்பக்கம் இருக்க வேண்டும். பொசிலோதெரியா என்ற பேரினத்துக்கு இது இன்னும் முக்கியம். கண் இமைக்கும் நேரத்தில் கதவைத் தாண்டிவிடும் வேகம் அவற்றுக்கு உண்டு. கடித்தால் உயிர் போவதில்லை, ஆனால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும்.

இந்தப் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் வாழ்கிறது. இதில் உலகில் மிக விரும்பி வளர்க்கப்படும் நீலச் சிலந்தியை 1899-ல் போகாக் என்ற ஆய்வாளர் விவரித்தார், ஆந்திராவின் கூட்டி நகர ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியை வைத்து. நூறு ஆண்டு கழித்து, 2001-ல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் அது மீண்டும் கண்ணில் பட்டது. ராமேஸ்வரத்தில் ஒரு கோயில் தோப்பில் கிடைத்த இனத்துக்கு 2004-ல் அந்தக் கோயிலின் பெயரையே வைத்து ஹனுமவிலாசுமிகா என்றார்கள். இரண்டுமே அழிவின் விளிம்பில் இருப்பவை என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008-ல் அறிவித்தது. இலங்கையின் மாங்குளத்தில் கிடைத்த இனம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. தேடலில் துணை நின்ற காவல் ஆய்வாளர் ஒருவரின் பெயரை அது தாங்குகிறது. பொசிலோதெரியா முழுவதும் 2019-ல், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலுக்கு வந்தது. அந்தப் பட்டியல்களில் உள்ள உயிரை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும் என்று 2022-ல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

அளவு, காற்று, ஈரம், மண் என்று இதுவரை எழுதியதெல்லாம் வளர்ப்பிலேயே பிறந்து வளர்ந்த சிலந்திகளுக்காக. காட்டிலிருந்து பிடித்துவந்த ஒன்றுக்காக எந்தப் பெட்டியையும் செய்ய வேண்டாம். பழம்புளியின் பட்டைப் பிளவிலோ பனையின் மட்டை இடுக்கிலோ சாம்பலும் கறுப்புமாகக் கோலமிட்ட கால்கள் தெரிந்தால், எட்ட நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்காதீர்கள், பிடித்து யாருக்கும் விற்காதீர்கள். முடிந்தால் அந்த மரத்தை வெட்டாமல் விடச் சொல்லி அதன் உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள்.